துப்பாக்கியைத் திருப்பி வைக்கத் தெரிந்தவன்

கௌபாய் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே ஒரு காட்சிதான் கண்ணுக்குள் ஓடும். புழுதி பறக்கும் தெரு. எதிரெதிரே இரண்டு பேர். இடுப்புக்குப் பக்கத்தில் துடிக்கும் விரல்கள். அப்புறம் ஒரு மின்னல், ஒரு 'டுமீல்', ஒருத்தர் சாய்வார். லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இது அத்துப்படி. லக்கி லூக் தன் நிழலை விட வேகமாகச் சுடுவார் என்பதே இந்த வேகப் பைத்தியத்தின் மீதான கிண்டல்தான். ஜெய்சங்கர் காலத்து 'கங்கா'வில் ஆரம்பித்து 2010-ல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' வரைக்கும் தமிழ் சினிமாவும் அந்தத் தெருவைத் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறது.

எல்லாம் சரி. சுட்டு முடித்த பிறகு அந்தத் துப்பாக்கி எங்கே போச்சு? யாராவது கவனித்திருக்கிறோமா? விரலில் இரண்டு சுற்று சுற்றி உறைக்குள் நழுவ விடுவார் ஹீரோ. நாம் கைதட்டுவோம். அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான்: உருவுவதை விட உறையில் போடுவதுதான் கஷ்டம், அதில்தான் ஆளின் தரம் தெரியும். நிஜமாகவே ரிவால்வர் கட்டிக்கொண்டு விளையாடுகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டு ஒரு விளையாட்டையே கட்டியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

அது என்ன விளையாட்டு?

அமெரிக்காவில் 'கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்' என்று ஒன்று இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் தெற்கு கலிஃபோர்னியாவில், பழைய வெஸ்டர்ன் படங்களின் மேல் பித்துப் பிடித்த சில நண்பர்கள் ஆரம்பித்தது. 1987-ல் இதற்கென்று 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' உருவானது. சுருக்கமாக 'சாஸ்' என்கிறார்கள்.

இதில் கலந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டு உடுப்பு வேண்டும், அல்லது பழைய கௌபாய் படத்து உடுப்பாவது வேண்டும். ஒரு புனைபெயர் வேண்டும். ஒருவர் பதிவு செய்த பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது. (நம்ம ஊர் எழுத்தாளர்களுக்கு இந்த வசதி இல்லாமல் போச்சு!) இது தவிர நாலு துப்பாக்கி வேண்டும். இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன். எல்லாம் பழைய மாடலில்.

ஒரு சுற்றுக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர். சாதாரணமாக ரிவால்வர்களில் பத்துக் குண்டு, ரைஃபிளில் பத்து, ஷாட்கன்னில் நாலு என்று இருக்கும். இலக்குகள் இரும்புத் தகடுகள். பட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும். டைமர் 'பீப்' என்றதும் ஆரம்பம். கடைசிக் குண்டின் சத்தத்தை டைமர் பிடித்துக்கொள்ளும். அதுதான் உங்கள் நேரம். ஒரு இலக்கைத் தவறவிட்டால் 5 வினாடி கூட்டுவார்கள். வரிசை மாற்றிச் சுட்டால் 10 வினாடி. குறைந்த நேரம் யாருக்கோ அவர் ஜெயித்தார்.

கேட்டால் ரொம்ப எளிமையாக இருக்கிறது இல்லையா? நாலு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் கையில் இருக்க முடியாது என்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

எட்டில் நாலு

கொஞ்சம் கணக்குப் போடுவோம் (காமர்ஸ் மாணவனின் தொழில் வியாதி, பொறுத்துக்கொள்ளவும்). ரைஃபிளை எடுக்கணும், வைக்கணும். ஷாட்கன்னை எடுக்கணும், வைக்கணும். இரண்டு ரிவால்வரையும் உருவணும், இரண்டையும் உறையில் போடணும். மொத்தம் எட்டு வேலை. இந்த எட்டு வேலையிலும் ஒரு குண்டு கூட வெடிக்காது, ஒரு தகடு கூட விழாது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காஸ்டிங் வகுப்பில் இயந்திரத்தை ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற்றியமைக்கும் நேரம் என்று படிப்போமே, அதே கதை. உற்பத்தி இல்லாமல் செலவு மட்டும் ஏறும் நேரம்.

இந்த எட்டில் நாலு, ரிவால்வரும் உறையும் சம்பந்தப்பட்டவை. அந்த நாலில் உருவும் இரண்டைத்தான் சினிமா நமக்குக் காட்டியது. உறையில் போடும் இரண்டைக் காட்டவில்லை.

உருவுவது ஏன் சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பிடி பெரிசு, கை நிறையக் கிடைக்கும். இழுத்தால் வெளியே வந்துவிடும். திருப்பி வைப்பது இதற்கு நேரெதிர். கையில் இருப்பது ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள இரும்பு, நுழைய வேண்டியது ஒரு சின்னத் தோல் வாய். அது இடுப்பில், கண்ணுக்குக் கீழே இருக்கிறது. மனசோ அடுத்த ரைஃபிளுக்குப் போய்விட்டது. ஊசியில் நூல் கோர்க்கும்போது யாராவது பின்னாலிருந்து 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அதனால்தான் போட்டிக்காரர்களின் உறை கெட்டியான தோலில், துப்பாக்கி இல்லாதபோதும் வாய் மூடிக்கொள்ளாத மாதிரி செய்யப்பட்டிருக்கும். ஒரே கையால் உள்ளே தள்ளிவிடலாம். கெட்டிக்காரர்கள் ஐந்தாவது குண்டு வெடித்ததும் ஒரு கையால் ரிவால்வரை உறைக்குள் இறக்கிக்கொண்டே அடுத்த துப்பாக்கியை நோக்கி நகர ஆரம்பித்துவிடுவார்கள். வீடியோவில் பார்த்தால் அவசரமே தெரியாது. ஆனால் நேரம் பார்த்தால் மொத்த ஸ்டேஜும் 20 வினாடிக்குள் முடிந்திருக்கும்.

இப்போது லாப நஷ்டம் பார்க்கலாம். நீங்கள் உருவுவதில் மட்டும் வெறித்தனமாகப் பயிற்சி செய்து, ஒவ்வொரு முறையும் 0.3 வினாடி மிச்சப்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டேஜுக்கு 0.6. பத்து ஸ்டேஜ் என்றால் 6 வினாடி. அந்த அவசரத்தில் ஒரே ஒரு தகட்டைத் தவறவிட்டால் 5 வினாடி போச்சு. பத்து ஸ்டேஜில் சேர்த்தது ஒரு 'டங்' கேட்காததில் கரைந்துவிடும். அதுவே அவசரமாக உறையில் போடப் போய்க் குண்டுள்ள ரிவால்வரைக் கீழே போட்டால்? மொத்தப் போட்டியிலிருந்தும் வெளியே. காலித் துப்பாக்கி விழுந்தாலும் அந்த ஸ்டேஜ் காலி. விழுந்ததை நீங்களே குனிந்து எடுக்கவும் கூடாது, அதிகாரிதான் எடுக்க வேண்டும். இப்படி இரண்டு ஸ்டேஜ் போனால் போட்டியே போனது மாதிரி.

விதிகள் யாரைப் பார்த்துப் பயப்படுகின்றன?

ஒரு விளையாட்டு எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று தெரிய, அதன் தண்டனைப் பட்டியலைப் படித்தால் போதும். சாஸின் விதிகளில் உருவலும் உறையும் வந்துகொண்டே இருக்கின்றன.

துப்பாக்கியின் முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். நேர்க்கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் 85 பாகைக்கு மேல் திரும்பக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து 170 என்பதால் அதை '170 விதி' என்கிறார்கள். மீறினால் அந்த ஸ்டேஜ் போச்சு. குண்டுள்ள துப்பாக்கியின் முனை ஒரு ஆளின் மேல் கடந்து போனால் போட்டியே போச்சு. சுத்தியலை இழுத்து வெடிக்கத் தயாராக இருக்கும் ரிவால்வர் கையை விட்டுப் போகக் கூடாது. படத்தில் வருகிற மாதிரி இன்னொரு கையால் சுத்தியலைத் தட்டித் தட்டிச் சுடுவதும் கூடாது. உறை செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது.

இதில் சுவாரசியமானது 'கிராஸ் டிரா' உறை. வலக்கைக்காரர் ஒருவர் இரண்டாவது ரிவால்வரை இடது பக்கம் வயிற்றோரமாக, பிடி வலப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்வார். இரண்டையும் வலக்கையாலேயே எடுக்கலாம் என்பது லாபம். நஷ்டம் என்னவென்றால், நேராக நின்று உருவினால் துப்பாக்கி முனை இடது பக்கம் நிற்பவர்களை நோக்கித் திரும்பும். அங்கேதான் இலக்கு எண்ணுகிறவர்கள் நிற்பார்கள். அதனால் அவர் வலது காலைப் பின்னால் வைத்து, இடது இடுப்பு இலக்கைப் பார்க்கும்படி உடம்பைத் திருப்பி, அப்புறம்தான் உருவ வேண்டும். திருப்பி வைக்கும்போதும் அதே நடனம்!

உருவும்போது எல்லோருக்கும் இந்தத் திருப்பம் ஞாபகம் இருக்கும். ஆரம்பத்தில் பதற்றமும் கவனமும் சேர்ந்தே இருப்பதால். மறப்பது திருப்பி வைக்கும்போதுதான். ஐந்து குண்டும் பட்டாச்சு, வேலை முடிஞ்சுது என்று மனசு ஓய்வெடுக்கும் அந்த ஒரு நொடியில். பரீட்சையில் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டுப் பதிவு எண்ணை எழுத மறந்து வருகிற ஜாதிதான் நாம்.

ஆறு அறை, ஐந்து தோட்டா

ரிவால்வரில் ஆறு அறை இருக்கும். ஆனால் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். ஏன்?

1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரில் சுத்தியலின் மூக்கு இறங்கிய நிலையில் நேராகத் தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். சுத்தியலில் ஒரு பலமான அடி பட்டால் போதும், வெடித்துவிடும். உறையில் இருக்கும்போதும் இதே ஆபத்து.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் வயட் எர்ப். ஓ.கே. கோரல் சண்டையில் (டூம்ஸ்டோன், 26 அக்டோபர் 1881) கலந்துகொண்ட அதே ஆள்தான். அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால், 1876 ஜனவரியில், கான்சாஸ் மாநிலம் விசிட்டா ஊரில் போலீஸ்காரராக இருந்தார். ஒரு சலூனின் பின்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவியது. நாற்காலியில் சுத்தியல் இடித்து வெடித்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் பட்டுத் தெறித்தது. நல்லவேளை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. சினிமா எடுத்தவர்கள் டூம்ஸ்டோனை எடுத்தார்கள், இந்த நாற்காலியை விட்டுவிட்டார்கள்.

இன்றைய போட்டியில் இதற்காகவே ஒரு சடங்கு உண்டு. தனி மேஜை, தனி அதிகாரி. அவர் கண்முன்னால் ஒரு அறையில் தோட்டா போட்டு, அடுத்ததை விட்டுவிட்டு, மிச்ச நாலிலும் போட்டு, சுத்தியலை முழுசாக இழுத்து மெதுவாக இறக்க வேண்டும். அப்போது அது சரியாகக் காலி அறையின் மேல் வந்து உட்காரும். சுட்டு முடித்த பிறகு இன்னொரு மேஜைக்குப் போய் எல்லாம் காலி என்று காட்ட வேண்டும். ரூகர் கம்பெனி 1973-லேயே கீழே விழுந்தாலும் வெடிக்காத ஏற்பாட்டைத் தன் ரிவால்வர்களில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் போட்டியில் அந்த ரிவால்வருக்கும் ஐந்துதான். துப்பாக்கி நல்லது என்பதற்காகப் பழக்கத்தை விடக் கூடாது என்பதில் அவர்கள் கறார்.

வேகம் வேண்டுமென்றால் மெழுகு

'அப்படியானால் வேகமாக உருவும் போட்டியே கிடையாதா?' என்று கேட்கலாம். உண்டு. அது தனி விளையாட்டு, அதன் வரலாறே என் கட்சிக்குச் சாட்சி.

1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெஸ்டர்ன் அலை அடித்தது. 1955 முதல் 1975 வரை ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரின் தொடக்கக் காட்சியில் கதாநாயகனுக்கு எதிரே நின்று தோற்பவர் ஆர்வோ ஒஜாலா. நிஜத்தில் அவர்தான் பல நடிகர்களுக்கு உருவக் கற்றுக்கொடுத்தவர். உள்ளே எஃகுத் தகடு வைத்த உறையை வடிவமைத்தவரும் அவரே. அதில் துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே சுத்தியலை இழுத்துவிடலாம். 1954-ல் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் டீ வூலம் என்ற சாகசக் கலைஞர் நடத்தியது முதல் வேக உருவல் போட்டி என்பார்கள்.

படப்பிடிப்பில் வெற்றுத் தோட்டா. பார்த்த ரசிகர்கள் கையில் நிஜத் தோட்டா. விளைவு என்ன ஆகியிருக்கும்? உறையை விட்டு வெளியே வருவதற்குள் விசை அமுங்கினால் குண்டு போகிற இடம் சொந்தத் தொடையும் பாதமும். பலர் அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்றைக்கு 'கௌபாய் ஃபாஸ்ட் டிரா' போட்டிகளில் மெழுகுக் குண்டுதான். 21 அடி தூரம், விளக்கு எரிந்ததும் உருவிச் சுட வேண்டும். தேர்ந்தவர்கள் அரை வினாடிக்குள் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த விளையாட்டின் மேல் புகார் கிடையாது. வேகத்தை ஆசை தீரக் கொண்டாட வேண்டுமென்றால் குண்டை மெழுகாக்கு என்று ஒரு சமூகமே பட்டுத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

நிஜ வரலாறும் வேகத்தின் பக்கம் நிற்கவில்லை. 21 ஜூலை 1865 அன்று மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் மோதியதுதான் சினிமாக் காட்சிக்கு மிக அருகில் வரும் நிஜம். இடைவெளி சுமார் 75 கெஜம். அந்தத் தூரத்தில் ஜெயித்தது குறி. அதே ஹிக்காக் 5 அக்டோபர் 1871 அன்று அபிலீன் நகரக் காவல் தலைவராக ஃபில் கோ என்பவரைச் சுட்ட கையோடு, தனக்கு உதவிக்கு ஓடிவந்த மைக் வில்லியம்ஸையும் எதிரி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார். கை சரியாகத்தான் வேலை செய்தது. எங்கே நிறுத்துவது என்பதுதான் தவறிப்போனது.

அஸ்வத்தாமன் பாடம்

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகாபாரதம்தான் ஞாபகம் வருகிறது. போர் முடிந்த பிறகு அஸ்வத்தாமன் பிரம்மாஸ்திரம் விடுகிறான். பதிலுக்கு அர்ஜுனனும் விடுகிறான். உலகமே எரியப் போகிறது என்று வியாசரும் நாரதரும் குறுக்கே வந்து நின்று 'திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். அர்ஜுனன் எடுத்துக்கொள்கிறான். அஸ்வத்தாமனால் முடியவில்லை. அது உத்தரையின் கருவின் மேல் போகிறது. இரண்டு பேருக்கும் ஏவத் தெரியும். வித்தியாசம் அடுத்த பாதியில்தான். சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்யுவின் கதையும் இதே பாடம்தான், இன்னும் வலியோடு.

எதிர்க் கேள்விகள்

'இதெல்லாம் நிஜக் கௌபாய் இல்லையே, பக்கத்தில் பெரிய தகடு, பலம் குறைந்த தோட்டா, வெறும் வேஷம்' என்பது ஒரு கட்சி. ஒப்புக்கொள்கிறேன், வேஷம்தான். ஆனால் உள்ளே இருப்பது நிஜக் குண்டு. வேஷம் போட்டவர்கள் ஒழுங்கில் மட்டும் வேஷம் போடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

'கிராஸ் டிராவைத் தடை செய்துவிடலாமே?' என்பது இன்னொன்று. வேண்டாம் என்பேன். திரும்பி நின்று சரியாகச் செய்கிறவரை, செய்யத் தெரியாதவருக்காகத் தண்டிப்பது நியாயமில்லை. தெரியாதவர் நேரான உறை வைத்துக்கொள்ளட்டும்.

என் பங்குக்கு ஒரு யோசனை. டைமர் கடைசிக் குண்டோடு நின்றுவிடுகிறது என்று சொன்னேன் இல்லையா? அப்படியென்றால் ரிவால்வர் கடைசியாக வரும் ஸ்டேஜில், கடைசி ரிவால்வரை உறையில் போடும் நேரம் கணக்கில் வராது. குனிந்து பார்த்து நிதானமாகப் போடலாம். புதியவர்கள் அதிகம் வரும் உள்ளூர்ப் போட்டிகளில் ரிவால்வரைக் கடைசியில் வைப்பதை வழக்கமாக்க வேண்டும். 'அப்புறம் அவர்கள் வேகமாக வைக்க எப்போது கற்பார்கள்?' என்றால், வீட்டில், காலித் துப்பாக்கியோடு, நூறு முறை மெதுவாகப் போட்டுப் பழகி. வேகம் தானாக வரும். வராவிட்டாலும் குடி முழுகிவிடாது.

கடைசிக் கேள்விதான் கனமானது. 'துப்பாக்கியால் இத்தனை உயிர் போகிற நாட்டில், துப்பாக்கி விளையாட்டுக்கு நீ ஏன் கொடி பிடிக்கிறாய்?' எனக்கும் அந்த நாட்டின் துப்பாக்கி மோகம் பிடிக்காது. பள்ளிக்கூடச் செய்திகளைப் படித்தால் வயிறு பிசைகிறது. ஐந்து குண்டு விதி அதற்கெல்லாம் மருந்து என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. நான் சொல்வது சின்ன விஷயம். அந்த மோகத்துக்குத் தீனி போட்டது உருவுகிற கைதான். போஸ்டரில், படத்தில், பொம்மையில் எல்லாம் அந்தக் கைதான். அதே கௌபாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு, 'வைக்கத் தெரியாவிட்டால் வெளியே போ' என்று சொல்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. அந்தக் குரலை நான் ஆதரிக்கிறேன்.

அடுத்த முறை இந்தப் போட்டி வீடியோ எதையாவது யூடியூபில் பார்த்தால், 'பீப்' சத்தத்தை விட்டுவிடுங்கள். ரிவால்வரில் ஐந்தாவது 'டங்' கேட்ட பிறகு வருகிற ஒரு வினாடியைப் பாருங்கள். முனை எங்கே பார்க்கிறது, உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, தோலின் வாயைக் கை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். ஆள் தேர்ந்தவரா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். டைமரைப் பார்க்கவே வேண்டாம்.

பி.கு: தீபாவளித் துப்பாக்கியில் சுருள் கேப் போட்டு வெடித்ததுதான் என் ஆயுதப் பயிற்சி. அதற்கு உறை கிடையாது :-)